டொர்னேடோவுக்குச் 'சூறாவளி' பொருந்துமா?

அமெரிக்காவில் டொர்னேடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் கடுங்காற்று, அடித்தால் 'ஓக்லஹோமாவில் சூறாவளி' என்று நம் செய்திகள் தலைப்பிடுகின்றன. புளோரிடாவை ஹரிக்கேன் என்னும் கடற்புயல் தாக்கினாலும் சூறாவளிதான். சென்னை வானிலை மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையில், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றும் சூறாவளிக்காற்று. இலங்கையிலோ 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலுக்கே அந்தப் பெயர். ஒரு சொல்லின் தலையில் இத்தனை சுமை!

சூறை என்றால் கொள்ளை. 'சூறையாடினார்கள்' என்கிறோமே, அதுதான். வளி என்றால் காற்று. 'நிலம் தீ நீர் வளி விசும்பு' என ஐம்பூதங்களை அடுக்கும் தொல்காப்பியத்திலேயே இருக்கிற சொல். ஆக, சூறாவளி என்பது காற்று செய்யும் வேலையைச் சொல்கிறது, அதன் வடிவத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் அள்ளிக்கொண்டு போகும் எந்தக் காற்றுக்கும் அது ஒட்டிக்கொள்கிறது.

டொர்னேடோவின் கதையும் நேரானதன்று. ஸ்பானிய மொழியில் 'த்ரோனாதா' என்றால் இடிமழை. 16ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலோடிகள் இடியோடு வரும் கடுங்காற்றை அந்தச் சொல்லால் குறித்தார்கள். திரும்புதல் என்று பொருள்படும் 'தொர்னார்' அதோடு கலந்து இன்றைய வடிவம் வந்தது என்பது சொல்லாய்வாளர் கருத்து. இடியும் திருப்பமும் ஒரே சொல்லில் சேர்ந்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. ஏனென்றால் ஆளைக் கொல்லும் பெரிய டொர்னேடோக்கள் இடிமேகத்தின் வயிற்றில்தான் பிறக்கின்றன.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமும் கொண்ட காற்று தரையை ஒட்டி வருகிறது. அதற்கு மேலே வறண்ட மேல்காற்று வேறு திசையில், வேறு வேகத்தில் ஓடுகிறது. இந்த வேறுபாட்டில் இடைப்பட்ட காற்று, சுருட்டிய பாய் உருள்வதுபோலக் கிடைமட்டமாக உருள்கிறது. மேகத்துக்குள் சீறி ஏறும் வெப்பக்காற்று அந்தப் பாய்ச்சுருளை நிமிர்த்தி நிறுத்திவிடும். இப்படிச் சுழலும் பெருமேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். அதன் பின்புறத்தில் இறங்கும் காற்று சுழற்சியைச் சுற்றி வளைக்க, சுழல் ஒடுங்குகிறது. ஒடுங்க ஒடுங்க வேகம் ஏறுகிறது. மேகத்திலிருந்து தொங்குவதாக நாம் காணும் தும்பிக்கை காற்றன்று, அழுத்தம் குறைந்து குளிர்ந்ததால் நீராவி திரண்ட நீர்த்துளிகள். ஓக்லஹோமாவில் செம்மண்ணை உறிஞ்சி அது சிவந்தே நிற்பதுண்டு.

2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் சுமார் 160 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் சாதாரண நாற்காலி ஒன்று நான்கு காலும் புதைந்து நின்றது. மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் பலகையும் கண்ணாடியும் ஓட்டுச்சில்லும் ஆயுதமாகிவிடுகின்றன. உயிர்களைப் பெரும்பாலும் குடிப்பவை அவைதாம். இது அமெரிக்காவின் துயரம் மட்டுமன்று. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,300 பேரை ஒரே டொர்னேடோ கொன்றது.

சொல்லைச் சொல்லவே அஞ்சிய காலமும் உண்டு. மக்கள் பீதியடைவார்கள் என்று 1880களிலிருந்து பல பத்தாண்டுகள் அமெரிக்க முன்னறிவிப்புகளில் 'டொர்னேடோ' என்ற சொல் தவிர்க்கப்பட்டது. 1948 மார்ச் 25 அன்று ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் அதைத் துணிந்து முன்னறிவித்தார்கள். அன்று மாலையே அது வந்தது.

தமிழில் என் தேர்வு 'சுழல்காற்று'. சுழலை உடைய காற்று என்று பிரித்தால் சுழற்காற்று, அதுவும் பிழையன்று. ஆனால் 'கொல்களிறு' போல வினைத்தொகையாகக் கொண்டால் லகரம் மாறாமல் நிற்கும். சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் காற்று என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். பள்ளி மைதானத்தில் காகிதத்தைத் தூக்கிச் சுற்றுவதும் சுழல்காற்றுதானே என்று கேட்கலாம். அது தெளிந்த வானத்தின்கீழ், சூடேறிய தரையில் எழுவது. அதற்குப் புழுதிச்சுழல் போதும்.

புயல் பல நூறு கிலோமீட்டர் அகலத்தில், நாள்கணக்கில் முன்னறிவித்து வருகிறது. சுழல்காற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம், சில வேளை அதுவும் இல்லை. டல்லஸில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் தாயிடம் 'சூறாவளி வருகிறது' என்றால், கடலோரத்தில் புயல் பார்த்த பழக்கத்தில் அவர் மெழுகுவர்த்தியும் குடிநீரும் எடுத்துவைக்கத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவர் செய்யவேண்டியது, ஜன்னலை விட்டு விலகி, கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத குளியலறைக்குள் போய், தலையை மூடிக்கொண்டு குனிந்து உட்காருவது.