அவுட்-ஆஃப்-கோர்: எந்த மையத்துக்கு வெளியே?

பெரிய தரவுகளைப் படமாக வரைவது பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘மையத்துக்கு வெளியிலான காட்சிப்படுத்தல்’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. போன வாரம் மறுபடியும் பார்த்ததும் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது. எந்த மையம்? அதற்கு வெளியே என்றால் எங்கே?

மூலச்சொல் அவுட்-ஆஃப்-கோர். இங்கே கோர் என்பது பழைய காந்த நினைவகத்தின் வளையம். 1953இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் வேர்ல்விண்ட் கணினியில் வேலைக்கு வந்தது. 1970கள் வரை இதுவே முதன்மை நினைவகம். குட்டி ஃபெரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்திருப்பார்கள், வளையத்துக்கு ஒரு பிட். அதில் அடங்காத தரவைக் காந்த நாடாவிலோ காந்த உருளையிலோ வைத்து, துண்டு துண்டாக எடுத்துக் கணித்தார்கள். இதுதான் அவுட்-ஆஃப்-கோர். பிறகு சிலிக்கான் சில்லுகள் வந்தன. வளையம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

ஆக, ‘மையம்’ அகராதியைப் பார்த்துப் போட்ட சொல். தவறு என்பதோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்கிறது. இன்று கோர் என்றாலே ‘எட்டு கோர் செயலி’தான் நினைவுக்கு வரும். மையத்துக்கு வெளியே என்று படிக்கிற மாணவர், வேலை செயலியை விட்டு வரைகலை அட்டைக்குப் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். செயலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிக்கல் முழுக்க இடம் போதாமைதான். சொல்லை மட்டும் பெயர்த்துவிட்டுப் பொருளைத் தொடாமல் போகும் பழக்கம் கணினித் தமிழில் பெருகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சிலர் ‘பெருந்தரவு’ போதும் என்கிறார்கள். போதாது. விண்மீன்களின் இடங்களை அளந்த கையா விண்கலத்தின் 2018ஆம் ஆண்டுத் தரவு வெளியீட்டில் சுமார் 169 கோடி விண்பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே ஆயத்தொலைகள், 16 பைட் என்று வைத்தாலும் 27 ஜிபி ஆகிறது. 16 ஜிபி மடிக்கணினியில் அடங்காது, 64 ஜிபி கணினியில் அடங்கிவிடும். தரவு மாறவில்லை, பாத்திரம்தான் மாறியது. அந்த உறவைப் ‘பெருந்தரவு’ சொல்வதில்லை.

‘புறநினைவகக் காட்சியாக்கம்’ என்பதைக் கேட்டிருக்கிறேன். அதில் தப்பில்லை. ஆனாலும் பென்டிரைவில் இருக்கும் படத்தைத் திறப்பது போல ஒலிக்கிறது.

நான் சொல்வது ‘நினைவகங்கொள்ளாத் தரவு’. கண்கொள்ளாக் காட்சி, கைகொள்ளாப் பூ என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அச்சில் வார்த்தது. கொள்ளளவும் அதே ‘கொள்’தான். அரிசி கூடினாலும் பானை சிறுத்தாலும் ‘கொள்ளவில்லை’ என்றுதானே சொல்கிறோம்? செய்முறையும் இதோடு ஒட்டிவரும். 1920க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். வட்டிலிருந்து ஒரு துண்டைப் படித்து, ஒவ்வொரு விண்மீனும் எந்தப் புள்ளியில் விழுகிறதோ அங்கே ஒன்று கூட்டி, துண்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். நினைவகம் கொள்ளவேண்டியது அந்த எண்ணிக்கைக் கட்டத்தையும் கையிலுள்ள துண்டையும் மட்டுமே.

அப்புறம், ‘காட்சிப்படுத்தல்’. கண்காட்சியில் பொருளை அடுக்குவதற்கும் அதையே எழுதுகிறோம். எண்ணைப் படமாக மாற்றுவதற்குக் ‘காட்சியாக்கம்’ தெளிவு. ‘நினைவகங்கொள்ளாத் தரவுக் காட்சியாக்கம்’ நீளம்தான், ஆனால் முதல்முறை படிப்பவருக்கும் புரியும்.