வாட்ச்சின் பச்சை ஒளிக்குக் காதல் தெரியுமா?

“அவள் எதிரே வந்தால் என் ஸ்மார்ட் வாட்ச்சில் துடிப்பு 110-ஐத் தொடுகிறது. இதை வைத்துக் காதலுக்குச் சதவீதம் போடும் செயலிகளை நம்பலாமா?” என்று மதுரை தல்லாகுளத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். அந்த 110 எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தாலே பதில் பாதி தெரிந்துவிடும்.

வாட்ச்சின் அடியிலுள்ள பச்சை எல்.இ.டி. சுமார் 530 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. ஹீமோகுளோபின் பச்சையை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடுவதால், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கம் மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம்தான். மாசி வீதியின் வெயிலும் கடை டியூப்லைட்டின் மினுக்கலும் அதைவிடப் பெரியவை.

வெயிலைக் கழிப்பது சுலபம். எல்.இ.டி.யை எரியவிட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை அளந்து கழித்தால் போதும். டியூப்லைட், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் போல் இருமடங்காக, வினாடிக்கு 100 முறை (100 ஹெர்ட்ஸ்) மினுக்கும். அதை மாதிரி எடுப்பதற்கு, அதாவது ஒளியைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாக்குவதற்கு, முன்பே வெட்ட வேண்டும். வினாடிக்கு 25 மாதிரி எடுக்கும்போது மின்சாரம் 49.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், 99 ஹெர்ட்ஸ் மினுக்கல் 1 ஹெர்ட்ஸ் அலையாக வேடமிட்டு உள்ளே வரும். பிறகு 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டி. அதாவது நிமிடத்துக்கு 30 முதல் 240 துடிப்பு.

சிக்கல் நடையில்தான். நிமிடத்துக்கு 108 அடி வைத்தால் அது 1.8 ஹெர்ட்ஸ், துடிப்பின் எல்லைக்குள்ளேயே விழுகிறது. அதிர்வெண்ணை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. இங்கேதான் தகவமைவு வடிகட்டி வருகிறது. சமிக்ஞை இயலில் இதைவிட அழகான யோசனை குறைவு. வாட்ச்சுக்குள் உள்ள முடுக்கமானிக்கு (அசைவை அளக்கும் சென்சார்) கை அசைவு மட்டுமே தெரியும், ரத்தம் தெரியாது. அதன் கடைசிச் சில மாதிரிகளை ஒவ்வொன்றையும் ஓர் எடையால் (அதன் பங்கு எவ்வளவு என்று சொல்லும் எண்) பெருக்கிக் கூட்டி, ஒளியில் கலந்த அசைவு இவ்வளவு இருக்கும் என்று வடிகட்டி மதிப்பிடுகிறது. அதை ஒளி அளவிலிருந்து கழிக்கிறது. மிச்சத்தில் அசைவின் சாயல் இருந்தால், அந்த மிச்சத்தைக் கொண்டே எடைகளைத் திருத்திக்கொள்கிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் இது நடக்கும். திருத்தம் பெரிதானால் எடைகள் நிலைகொள்ளாமல் துடிப்பையே விழுங்கிவிடும். சிறிதானால் நடை மாறியதும் பின்தங்கும். பொறியாளர்கள் விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் தந்த முறை இது. 1975-இல் விட்ரோ குழு, தாயின் மார்பிலிருந்து எடுத்த இதயச் சமிக்ஞையை வயிற்றிலிருந்து எடுத்த கலவையில் கழித்து, கருவிலுள்ள குழந்தையின் துடிப்பைப் பிரித்துக் காட்டியது.

எதைக் கழிக்க வேண்டுமோ அதைத் தனியாக அளக்க ஒரு வழி வேண்டும். காதலை ஆராய்பவர்களுக்கும் இதே தேவைதான். 2005-இல் ஃபிஷர், ஆரன், பிரவுன் குழு காதலில் ஆழ்ந்த 17 பேரை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, காதலரின் படத்தோடு சாதாரண அறிமுகமானவரின் படத்தையும் காட்டியது. ஒரு படத்தின் உணர்வு அடுத்ததில் ஒட்டாதபடி நடுவில் எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னது. வேறுபாட்டில் மிஞ்சியது, நடுமூளையில் டோபமைன் (ஆசையையும் ஊக்கத்தையும் தூண்டும் மூளை வேதிப்பொருள்) செல்கள் நிறைந்த பகுதியின் செயல்பாடு.

நம் மனத்துக்குள் அப்படி ஒரு முடுக்கமானி இல்லை. இதே உளவியலாளர் ஆரன் 1974-இல் டட்டன் என்ற இன்னோர் உளவியலாளரோடு சேர்ந்து, கனடாவின் வான்கூவர் அருகே 230 அடி உயரக் கபிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார். அங்கே ஒரு பெண் ஆய்வாளரிடம் தொலைபேசி எண் வாங்கிய 18 ஆண்களில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். தாழ்வான, உறுதியான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தின் படபடப்பு ஈர்ப்பாகத் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்கு நடந்து ஏறியவரின் இதயமும் வேகமாகத்தான் அடிக்கும். வாட்ச்சுக்கு எல்லாம் ஒரே அலை.

ஆகவே காதல் சதவீதம் என்பது சென்சார் மாட்டிய ஜோசியம். அதற்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு துடிப்பு சென்சார் வாங்கிவிடலாம். கல்லூரிகள் மாணவர் திட்டப்பணிக்கு இத்தகைய சென்சார்களை வாங்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த மாணவருக்கு: பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல் கட்டுங்கள். 5 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். கையில் ஜிகர்தண்டா டம்ளர் வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிச் சமிக்ஞை மங்கும். நாடியை விரலால் 30 வினாடி எண்ணி இரட்டிப்பாக்கி, வாட்ச் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். நடக்கும்போது மட்டும் 110 வந்தால், வாட்ச் எண்ணியது உங்கள் காலடியாக இருக்கலாம்.