வேளாங்கண்ணிக்கு நடக்கும் முன் பாதத்தைக் காட்டிவிட்டுப் போங்கள்

தவக்காலம் வந்தால் வேலூரிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் புறப்படும் முன் என்னிடம் பாதத்தைக் காட்டுகிறவர்கள் குறைவு. திரும்பி வந்து காட்டுகிறவர்களே அதிகம்.

அப்படி வந்தவர் ஒரு தையற்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கட்டைப் பிரித்தேன். பெருவிரலுக்குக் கீழே, காய்த்துப்போன தோலுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி. இடுக்கியால் பிடித்து இழுத்ததும் அரை அங்குல வேலிக்காத்தான் முள் வந்தது, அதன் பின்னாலேயே சீழும். "கடலூர் தாண்டியதிலிருந்து வெறுங்காலோடு நடந்தேன். வலிக்கவே இல்லையே, டாக்டர்" என்றார். மாதா காப்பாற்றினாள் என்று நினைத்திருக்கிறார். நரம்பு செத்திருந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. 1946-இல் இங்கே சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவதற்குக் காரணம் வலி தெரியாமல் திரும்பத் திரும்பக் காயப்படுவதுதான் என்று காட்டினார். கரிகிரித் தொழுநோய் மருத்துவமனைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு தெரியும். சர்க்கரை நோயாளியின் உணர்விழந்த பாதத்துக்கும் அதே நியாயம்தான்.

சோதனை மிக எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொடுவோம். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் வெறுங்கால் நடை வேண்டாம். நேர்ந்துகொண்டாயிற்றே என்று தவித்தால் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். வேறு வகையில் செலுத்த வழி சொல்வார்.

திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் நடை. நாளுக்கு 20 கிலோமீட்டர் என்றாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதம் முன்பே, போட்டுக்கொள்ளப்போகும் அதே செருப்போடு நடந்து பழகுங்கள். புதுச் செருப்பு வழியில் பழகிவிடும் என்று நம்பாதீர்கள்.

நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். வியர்வை உடனே உலர்ந்து உடலைக் குளிர்விக்கும். கடலோரத்தில் பங்குனிக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், உலராது. அதே வேகத்தில் நடந்தால் உடல் சூடேறும், பாதத்தோல் ஊறி எளிதில் கொப்புளிக்கும். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணிக்கு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். காலுறை ஈரமானால் மாற்றுங்கள். கொப்புளத்தில் ஊசிநூல் கோக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து விடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; நடக்கும் நாளில் தொடையில் போட்டால் மருந்து வேகமாக ஏறி சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும்.

போய்ச் சேர்ந்ததும் கடலில் குளிப்பது எல்லோருக்கும் ஆசை. உப்புநீர் புண்ணை ஆற்றும் என்பார்கள். கடல்நீரில் வாழும் சில கிருமிகள் திறந்த புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு உயிராபத்து. கொப்புளம் உடைந்திருந்தால் கரையிலேயே நில்லுங்கள்.

தையற்காரர் அடுத்த ஆண்டு நாகப்பட்டினம்வரை பஸ்ஸில் போனார். கடைசி 12 கிலோமீட்டரை எம்.சி.ஆர். செருப்போடு நடந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் அவர் மனைவி டார்ச் அடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தாராம். ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே வந்து, நான் கேட்பதற்குள் இரண்டு பாதங்களையும் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்தார்.