பிடிப்பு இல்லை சார், எலும்பு

முதுகு வலி என்று இந்த ஜூனில் மட்டும் என்னிடம் வரும் நான்காவது பையன் இவன். வயது 16, வலதுகை வேகப்பந்து பௌலர், நல்ல உயரம். அப்பாவின் கையில் பெரிய எக்ஸ்-ரே உறை. உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "எக்ஸ்-ரேல ஒண்ணும் இல்ல சார், நார்மல். வெறும் பிடிப்புதான். அடுத்த வாரம் செலக்‌ஷன் இருக்கு, ரெண்டு நாள்ல சரி பண்ணிக் கொடுத்துடுங்க."

பையனை ஒற்றைக் காலில் நிறுத்திப் பின்பக்கமாக வளையச் சொன்னேன். வலது காலில் நின்றபோது சிரமமில்லை. இடது காலில் நின்று வளைந்ததும் முகம் சுருங்கிவிட்டது. எங்கே வலி என்று கேட்டதற்கு முதுகைத் தடவிக் காட்டவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், ஒரே இடத்தில் ஒற்றை விரலை வைத்தான். அந்த ஒற்றை விரலைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கீழ்முதுகின் ஐந்தாவது எலும்பில், இடது பக்கம், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி எலும்பில் விழும் நூலிழை விரிசல்.

வலி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அதற்குள் ஒருவர் சுளுக்கு எடுத்திருக்கிறார், ஒருவர் ஊசி போட்டிருக்கிறார், வீட்டில் தைலம், கோச்சோ "ரெண்டு ரவுண்டு ஓடு, இளகிடும்" என்றிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் பையன் தினமும் பந்து போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

இந்தப் 'பிடிப்பு' என்ற சொல்லைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். பிடிப்பு வரும், வராமல் இல்லை. வந்தால் சில நாளில் தளர்ந்துவிடும், அடுத்த மேட்சில் மறந்தும் போகும். ஆனால் 20 வயதுக்குட்பட்ட ஒரு வேகப்பந்து பௌலருக்கு, பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் கீழ்முதுகு வலிக்கிறது, போடும்போது கூடுகிறது, நிறுத்தினால் குறைகிறது என்றால் அது எலும்பு. ஸ்கேன் வந்து 'இல்லை' என்று சொல்லும்வரை எலும்புதான். நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்ட எலும்பைத் தைலம் ஒட்டாது. வலி மாத்திரை அதைவிட மோசம். வலி என்பது பையனை நிறுத்தச் சொல்லும் விசில், நீங்கள் விசிலைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொல்கிறீர்கள். "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தான், வலி போயிடுச்சு சார்" என்பார்கள். போகத்தான் செய்யும். வலி போவதற்கும் எலும்பு கூடுவதற்கும் நடுவில் மாதக்கணக்கு இருக்கிறது. அப்புறம் அந்த எக்ஸ்-ரே. நூலிழை விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது. நார்மல் எக்ஸ்-ரே என்பது நற்சான்றிதழ் கிடையாது. இதை வாரம் ஒருமுறையாவது சொல்கிறேன், இனிமேல் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

முன்கால் தரையில் ஊன்றும் அந்த நொடித்துளியில் உடல் எடையைப் போல ஐந்தாறு மடங்கு விசை ஏறி வருகிறது, சிலருக்கு அதற்கும் மேல். அதே கணத்தில் இடுப்பு பக்கவாட்டில் சாய்கிறது, வளைகிறது, திருகுகிறது. கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கீழ்முதுகு எலும்பு முழுசாக இறுகுவதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

அந்தப் பையனை, எத்தனை பந்து போட்டான் என்று ஒரு தாளில் கணக்குப் போடச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காகப் பத்து வாரம் பந்தைத் தொடவில்லை. தேர்வு முடிந்த மறுவாரமே சம்மர் கேம்ப். காலையில் 60 பந்து, மாலையில் 60 பந்து, வாரத்தில் ஐந்து நாள். சனி, ஞாயிறு மேட்ச், பத்துப் பத்து ஓவர். கூட்டினால் வாரத்துக்கு 720 பந்து. அதாவது 120 ஓவர். பூஜ்யத்திலிருந்து நேராக அங்கே! 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் பும்ரா ஐந்து டெஸ்டிலும் சேர்த்து 151.2 ஓவர் போட்டு 32 விக்கெட் எடுத்தார். நெட்ஸில் பயிற்சிக்குப் போட்டது தனி என்றாலும், அது ஆறு வாரத்துக் கணக்கு. சிட்னியில் முதுகு பிடித்துக் கடைசி இன்னிங்ஸில் பந்தே போடவில்லை, சாம்பியன்ஸ் டிராபியும் போனது. அவரைச் சுற்றி ஒரு படையே இருந்தது. இந்தப் பையனின் பந்துகளை ஒருவரும் எண்ணவில்லை. பள்ளி கோச்சுக்கு அகாடமியில் எத்தனை போட்டான் என்று தெரியாது, அகாடமிக்கு லீக் மேட்ச் பற்றித் தெரியாது.

இளம் வேகப்பந்து பௌலர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த வரம்பைச் சொல்கிறேன். 13 வயதுக்குட்பட்டவர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வில்லாமல் ஒரே தொடர்ச்சியாகப் போடுவதில், 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர். 16, 17 வயதென்றால் ஸ்பெல்லுக்கு 7, நாளுக்கு 18. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் போடக் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது. இது வேதவாக்கு இல்லை. ஆனால் எண்ண வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருக்கிறது.

"இங்கிலாந்து ஆண்டர்சன் 41 வயசு வரைக்கும் டெஸ்ட் ஆடினாரே சார்?" இந்தக் கேள்விக்கும் பழகிவிட்டேன். ஆம், 188 டெஸ்ட், 704 விக்கெட். அதே ஆண்டர்சன் 2006இல் இதே ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரோடு மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் அவர் பந்து போடும் முறையை, அதாவது அவருடைய ஆக்‌ஷனை மாற்றியிருந்தார்கள், பிறகு பழையதற்கே திரும்பினார். செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பையனின் ஆக்‌ஷனில் கை வைக்கும் கோச்சுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. சீசன் இல்லாதபோது, நேரம் எடுத்து மாற்றுங்கள்.

பையன்களுக்கு நான் சொல்வது லில்லியின் கதை. நம் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தை 1987 முதல் நடத்திய அதே ஆஸ்திரேலிய வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லி. 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் அவர் முதுகெலும்பில் விரிசல்கள். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டார்கள். முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். பெர்த்தில் பல்கலைக்கழக ஆசிரியர் ஃபிராங்க் பைக் வகுத்த பயிற்சியை மாதக்கணக்கில், அலுத்துப்போகும் அளவுக்குச் செய்தார். ஆக்‌ஷனையும் சீர்செய்துகொண்டு 1974 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கினார். 1984இல் ஓய்வு பெறும்போது 70 டெஸ்டில் 355 விக்கெட், அன்றைய உலக சாதனை. அதில் பெரும்பங்கு முதுகு உடைந்த பிறகு எடுத்தது. ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், ஜோகன்னஸ்பர்க்கில் டெஸ்டில் அறிமுகமாகி ஆட்டநாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல், மறுபடி மறுபடி காயம். அவர் திரும்பி வந்து கேப்டனும் ஆனார். நீ ஒரு செலக்‌ஷனை விடுவதற்கு அழுகிறாய், தம்பி.

அழுதான்தான். அப்பா என்னிடம் கோபப்பட்டார், அதுவும் நியாயம். குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் நேராக முழு ரன்-அப், அதாவது முழு ஓட்டம் ஓடி வந்து போடுவது, கிடையாது. நின்ற இடத்திலிருந்து சில பந்துகள், பிறகு நடந்து வந்து, பிறகு பாதி ஓட்டம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் எத்தனை பந்து என்று எழுதுங்கள், நெட்ஸ், மேட்ச், தெருவில் போட்டது எல்லாம். தேர்வு விடுமுறை முடிந்து திரும்பும்போது முதல் வாரம் கொஞ்சமாகப் போடட்டும், வாரா வாரம் ஏற்றுங்கள். எலும்பு உடனே கத்தாது. மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

ஸ்கேனுக்கு அனுப்பும் டாக்டரிடம், பையன் வேகப்பந்து பௌலர், எந்தக் கையால் போடுகிறான், எந்தப் பக்கம் வலி என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் 'முதுகு வலி' என்று போனால் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. என்னிடம் வரும்போது ரிப்போர்ட் தாளோடு ஃபிலிமையோ சிடியையோ எடுத்து வாருங்கள். எக்ஸ்-ரே உறையை வீட்டிலேயே வைத்துவிடலாம்.