சோடி எண்ணுகை

ஆங்கிலத்தில் ‘பெயார் கவுண்டிங்’. ‘பெயார்’ என்பது ‘நிகரானவை’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘கவுண்ட்’டும் ‘கொம்பியூட்டர்’உம் ஒரே இலத்தீன் வேரின் கிளைகள்.

வானியலில் இதன் பொருள், ஒவ்வொரு தூர இடைவெளிக்குள்ளும் எத்தனை விண்மீன் பேரடைச் சோடிகள் விழுகின்றன என்று எண்ணுவது. அதே பரப்பில் எழுமாறாகத் தூவிய புள்ளிகளின் சோடிகளோடு ஒப்பிட்டால் பேரடைகளின் திரட்சி தெரியும். பேரடைகளின் இடங்களைப் பதிந்த ‘ஸ்லோன்’ வான் அளவீட்டுத் தரவில், ஏறக்குறைய 50 கோடி ஒளியாண்டு இடைவெளியில் சோடிகள் சற்று மிகுந்திருப்பதை 2005இல் இவ்வாறே கண்டறிந்தார்கள்.

‘இணை எண்ணுகை’ எனலாமா? கணினியின் பல கருக்களில் (‘கோர்’) நிரலை இணையாக ஓட்டுவதைப் பற்றியும் இங்கே பேசவேண்டியிருப்பதால் குழப்பும். ‘இரட்டை எண்ணுகை’ இன்னும் மோசம். ஒன்றையே இருமுறை எண்ணியதாகிவிடும். ‘சோடி’ பிறமொழிகளிலும் ‘ஜோடி’யாக வழங்கும் சொல்தான். ஆனாலும் ‘வரிசைப்பட்ட சோடி’ என நம் கணிதப் பாடத்தில் வேரூன்றிவிட்டது. அதுவே பொருந்தும்.

1 இலட்சம் புள்ளிகளுக்கு 499,99,50,000 சோடிகள். புள்ளிகள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். எழுமாற்றுப் புள்ளிகள் தரவுப் புள்ளிகளைப்போல் பத்து மடங்கு இருந்தால் அவற்றுக்குள்ளான எண்ணுகை நூறு மடங்கு. நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 500 மீற்றருக்குள் இருக்கும் வீட்டுச் சோடிகளைத் தேடுபவர், களுவாஞ்சிக்குடி வீட்டை வாழைச்சேனை வீட்டோடு ஒப்பிடமாட்டார். அதுபோல, வெளியை, நாம் எண்ணும் உச்சத் தூரமே பக்கமாகக் கொண்ட கனப்பெட்டிகளாக வெட்டி, தன் பெட்டியையும் அண்டைய 26 பெட்டிகளையும் மட்டும் பார்த்தால் போதும். அவற்றில் 13ஐ மட்டும் எடுத்தால் ஒவ்வொரு சோடியும் ஒருமுறையே வரும். ஒரே பெட்டியின் புள்ளிகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வையுங்கள். வர்க்கமூலம் எடுக்காமல், தூரத்தின் வர்க்கத்தை எல்லைகளின் வர்க்கத்தோடு ஒப்பிடுங்கள். இணையாக ஓடும் ஒவ்வொரு இழைக்கும் (‘திரெட்’) தனி எண்ணிக்கை அட்டவணை கொடுத்து இறுதியில் கூட்டுங்கள்; பொது அட்டவணையில் ஒரே நேரத்தில் எழுதினால் எண்ணிக்கை தொலையும். 32 பிற்று (‘பிட்’) எண்ணி 429 கோடியைத் தாண்டியதும் சுழியத்துக்குத் திரும்பும், ஆதலால் 64 பிற்று அவசியம்.

நெடுநேரம் மறைந்திருக்கும் பிழை வேறு. திரட்சியை அளக்க 1993இல் வானியலாளர் லாண்டியும் சாலாயும் தந்த சூத்திரத்தில் தரவுச் சோடிகள், தரவுப் புள்ளியும் எழுமாற்றுப் புள்ளியும் சேர்ந்த கலப்புச் சோடிகள், எழுமாற்றுச் சோடிகள் மூன்றும் வரும். முதலாவதையும் மூன்றாவதையும் இருதிசையிலும் எண்ணிவிட்டு, ஒருமுறை எண்ணியதாகக் கருதி மொத்தச் சோடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், திரட்சியே இல்லாத தரவுக்கு 0 வரவேண்டிய இடத்தில் 1 வரும். முதலில் 1000 புள்ளிகளின் 4,99,500 சோடிகளையும் நேரடியாக ஒப்பிட்டு எண்ணுங்கள். விரைவான நிரலின் எண்ணிக்கை ஒவ்வொரு இடைவெளியிலும் அதனோடு ஒன்றுகூட வேறுபடக்கூடாது.