இல்லாத மானிட்டரை எட்டிப் பார்ப்பது

ஒரு ராத்திரி, சர்வரின் ஃபயர்வாலில் ஒரு விதியைத் தப்பாகப் போட்டு எண்டர் தட்டினேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் போக நான் வைத்திருந்த வழியான எஸ்எஸ்எச் அப்படியே நின்றுபோனது. நானே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்லவேளை, அது ஒரு விஎம், அதாவது மெய்நிகர் கணினி. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 'கன்சோல்' பொத்தானை அழுத்தினால், லாகின் வரி ஒன்றுமே நடக்காததுபோல் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

விஎம்முக்குள் நெட்வொர்க் வழியே யாரும் போக முடியாது. மானிட்டரும் கிடையாது. பிறகு இந்தத் திரை எங்கிருந்து வந்தது?

எந்தக் கணினியிலும் திரை என்பது கடைசியில் நினைவகத்தில் ஒரு பகுதிதான். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அங்கே எண்ணாக இருக்கும். அதற்கு ஃபிரேம்பஃபர் என்று பெயர். விஎம்மில் கிராஃபிக்ஸ் கார்டும் பொய்தான். விஎம்மை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருள் ஒரு விஜிஏ கார்டு (பழைய வகைக் கிராஃபிக்ஸ் கார்டு) இருப்பதுபோல் நடிக்கிறது. உள்ளே ஓடும் லினக்ஸ் அதை நம்பி எழுதுகிற எண்கள் எல்லாம் ஹோஸ்ட், அதாவது விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினியின் ரேமில்தான் விழுகின்றன. கியூஎமு அவற்றை எடுத்து, ஹோஸ்ட்டின் நெட்வொர்க் வழியாக நமக்கு அனுப்பிவிடுகிறது. லினக்ஸுக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் லினக்ஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் திரையும் கிரப் மெனுவும், ஏன், லினக்ஸின் மையமான கெர்னல் செத்துக் கிடக்கும்போது அது கடைசியாகக் கக்கிய வரிகளும்கூடத் தெரிகின்றன. உள்ளே நிறுவும் ரிமோட் டெஸ்க்டாப்பால் இது முடியாது.

அனுப்பும் முறைக்கு விஎன்சி என்று பெயர். 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. அதன் நெறிமுறை ரொம்ப எளிது: 'இந்த இடத்தில் இந்தச் செவ்வகத்தை வை', அவ்வளவுதான்.

ஆனால் முழுத் திரையையும் அப்படியே அனுப்ப முடியாது. 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படம் 8 எம்பிக்கு மேல். நொடிக்கு 30 படம் என்றால் கிட்டத்தட்ட 250 எம்பி. கிகாபிட் இணைப்பே அதில் பாதியைத்தான் தாங்கும். அதனால் மாறிய பகுதி மட்டுமே போகிறது. திரையில் எழுத்துகள் மேலே நகர்ந்தால் இன்னும் மலிவு: 'அங்கே இருக்கும் செவ்வகத்தை இங்கே நகலெடு' என்று 16 பைட்டில் சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்தது வேறொன்று. அனுப்பும் பக்கம், இங்கே கியூஎமு, தானாகப் படத்தைத் தள்ளாது. பார்ப்பவரின் மென்பொருள் கேட்டால்தான் தரும். இணைப்பு மந்தமானால் கேட்பதும் குறையும், இடையில் வந்துபோன படங்கள் தாமாகவே விடுபட்டுவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் இது பழைய காலத்து ஆள். வழக்கமான விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துகளுக்குத்தான் மதிப்பு. உள்ளே போனபின் நாம் தட்டுவதெல்லாம் மறையாக்கம் இல்லாமலே ஓடும். எனவே விஎன்சியின் வழக்கமான வாசலான 5900 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். ஹோஸ்ட்டுக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும்படி வைத்து, ஹோஸ்ட்டுக்கு எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது மறையாக்கப்பட்ட பாதை வழியாகப் போங்கள்.

சரி, அன்று ராத்திரிக்கு வருவோம். கன்சோலில் கடவுச்சொல்லை மூன்று தடவை அடித்தும் தவறு என்றே வந்தது. அப்புறம் அதைப் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் அடித்துப் பார்த்தேன். அங்கேதான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். @ இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள் குறி! விஎன்சி '@ என்ற எழுத்து' என்றுதான் சொல்கிறது. கியூஎமு அதை அமெரிக்க விசைப்பலகைக் கணக்கில் ஷிஃப்டும் 2-ம் அழுத்தியதாக மாற்றுகிறது. விஎம்மிலோ பிரிட்டிஷ் அமைப்பு. அதில் ஷிஃப்டும் 2-ம் என்றால் மேற்கோள் குறி. மேற்கோள் குறிக்கான விசையை அழுத்தினேன், @ விழுந்தது. கடவுச்சொல்லையும் அப்படியே அடித்து உள்ளே போய், முதல் வேலையாக அந்த ஃபயர்வால் விதியைத் தூக்கினேன்.