முதல் சிந்தசைசர்: ஆயத்த ஒலிகளை எண்ண வேண்டாம், குமிழ்களைப் பாருங்கள்

மின்னணு இசை கற்பிக்கும் பணியில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி, மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியான சிந்தசைசர்களில் எதில் அதிக ஒலிகள் இருக்கின்றன என்பதுதான். நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகள் நிறைந்த கருவியை ஆசையோடு வாங்கிவிட்டு, ஓராண்டு கழிந்த பின்னும் அவற்றில் ஒன்றையேனும் தாமே உருவாக்கத் தெரியாமல் மனம் தளர்ந்துபோன மாணவர்களைப் பார்த்திருப்பதால், அந்தக் கேள்வியையே மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கற்பவருக்கு வேண்டியது, ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைக் கைக்கும் காதுக்கும் ஒருசேர உணர்த்தும் கருவி. மூல ஒலியை எழுப்பும் ஆசிலேட்டரில் மேல்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் அதிர்வுகள்) நிறைந்த ரம்பப்பல் அலையை மட்டும் வைத்து, அவற்றை வடிகட்டும் ஃபில்டரை முழுவதும் மூடிவிட்டு, ஒரே சுரத்தை அழுத்தியபடி, வடிகட்டும் எல்லையை மாற்றும் கட்ஆஃப் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். மங்கலான முனகலாகத் தொடங்கும் ஒலி, மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட வெளிப்படக் கூர்மையாகிக்கொண்டே வரும். பிறகு, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை அமைக்கும் என்வலப்பில் அட்டாக்கையும் (எழும் நேரம்) சஸ்டெயினையும் (கட்டையை அழுத்தியிருக்கும்வரை நிலைக்கும் அளவு) பூஜ்ஜியமாக்கி டிகேயைக் (தணியும் நேரம்) குறுக்கினால், அதே சுரம் தந்தியை மீட்டியதுபோல் தெறித்து அடங்கும். அட்டாக்கை நீட்டிச் சஸ்டெயினை உயர்த்தினாலோ, வில்லால் இழுத்ததுபோல் மெதுவாக எழுந்து நிற்கும். இந்தப் பத்து நிமிடப் பயிற்சி தரும் தெளிவை எத்தனை ஆயத்த ஒலிகளைப் புரட்டினாலும் பெற முடியாது.

ஆகவே, ஒவ்வொரு செயலுக்கும் தனிக் குமிழோ ஸ்லைடரோ உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 மகத்தான கருவிதான். ஆனால் ஒலியை உருவாக்கும் அதன் ஆறு ஆபரேட்டர்களையும், அவற்றை இணைக்கும் முறைகளான 32 அல்காரிதங்களையும் பொத்தான்கள், சிறு திரை ஆகியவற்றைக் கொண்டே மாற்ற வேண்டியிருந்ததால், பலர் அதன் ஆயத்த ஒலிகளோடு நின்றுவிட்டனர். மறு ஆண்டு வந்த ரோலண்ட் ஜூனோ-106இல் ஒரு குரலுக்கு (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களில் ஒவ்வொன்றுக்கும்) ஓர் ஆசிலேட்டர்தான் என்றாலும், ஒலியை உருவாக்கும் ஸ்லைடர்கள் முகப்பிலேயே வரிசையாக இருந்தன. தொடங்குபவருக்கு உகந்த அமைப்பு இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் கருவி, தாழ்சுரங்களில் ஓடும் பேஸ் வரிகளுக்கும் ஒலியமைப்பைக் கற்பதற்கும் போதும். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளை வாசிக்க விரும்புவோருக்குக் குறைந்தது நான்கு குரல்கள் தேவை. கணினியோடு இணைக்க, வாசிக்கும் சுரங்களின் தகவலைப் பரிமாறும் மிடி வசதி அவசியம்.

பழைய கருவியை வாங்குவதானால், ஒலியை ஓடவிட்டு ஒவ்வொரு குமிழையும் முழு வீச்சில் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் அழுத்தமாகவும் தட்டிப் பாருங்கள்.

வாங்க வசதியில்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் போன்ற மென்பொருள் சிந்தசைசர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைத் திறந்ததும் ஆயத்த ஒலிகளின் பட்டியலுக்குள் போகாமல், ‘இனிட்’ எனப்படும் வெற்று ஒலியை எடுத்து, மேலே சொன்ன ஃபில்டர் பயிற்சியை இன்றே செய்து பார்க்கலாம்.